விஜயதசமியன்று வழுக்கிய கிளாம்ப்

விஜயதசமி காலை. மந்தாரக்குப்பத்தில் எங்கள் பட்டறையின் ஷட்டரைத் தூக்கியதும் சாம்பிராணி வாசனையும் வாழைப்பழ வாசனையும் கலந்து முகத்தில் அடித்தது. முந்தின நாள் ஆயுத பூஜைக்கு வைத்த பொரி தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. மேஜை மேல் சிவப்புத் துணி விரித்து, சுத்தியல், ஸ்பேனர், டிரில்லிங் மெஷின் எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, நடுவில் மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்திருந்தார் அப்பா, என் கிளாம்பை. அதற்குச் சிவப்பு பெயிண்ட், சந்தனப் பொட்டு, குங்குமம், ஒரு முழம் கதம்பம்.

எதிரில் ஸ்டூலில் கஜேந்திரன். விருத்தாசலத்தில் டூல்ஸ் கடை வைத்திருப்பவர். சுற்று வட்டாரத்தில் ஆசாரிகளும் வெல்டர்களும் கருவி வாங்க அவரிடம்தான் போவார்கள். என் கிளாம்பைப் பார்த்துப் பிடித்துப் போனால் செய்து தரச் சொல்லி ஆர்டர் கொடுப்பதாக வந்திருந்தார்.

"ஆரம்பி பாப்பா, நல்ல நேரம் போய்க்கினு இருக்குது," என்றார் அப்பா.

ஜன்னல் கிரில்லுக்கான ஒரு சட்டத்தை எடுத்து மேஜை விளிம்போடு சேர்த்து வைத்தேன். கிளாம்பை மாட்டினேன். கட்டைவிரலால் ஒரே தள்ளு. கிளாம்பின் நகரும் தாடை சரசரவென்று ஓடிப்போய் இரும்பைத் தொட்டது. கைப்பிடியை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு, வித்தை காட்டுகிறவள் மாதிரி இரண்டு கையையும் தூக்கினேன்.

சட்டம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தாடை தன்பாட்டுக்குப் பின்னால் நகர ஆரம்பித்தது. என் கண் எதிரில், அவசரமே இல்லாமல். சட்டம் சிமெண்ட் தரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

திரும்ப மாட்டினேன். இன்னும் பலமாக முறுக்கினேன். முறுக்க முறுக்க இன்னும் சீக்கிரமாக வழுக்கியது.

"நல்லாத்தான் செஞ்சிருக்கற. ஆனா நிக்கலியேம்மா," என்றார் கஜேந்திரன். அந்தக் குரலில் இருந்த அனுதாபத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

திருகு, திருகு, திருகிக்கொண்டே இரு

இந்தத் தொடரைப் படிக்கிற எல்லோருக்கும் பட்டறைப் பழக்கம் இருக்காது. அதனால் கிளாம்ப் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒட்ட வேண்டிய இரண்டு பொருளை அசையாமல் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் இரும்புக் கை, அவ்வளவுதான். தச்சருக்குப் பசை காயும் வரை வேண்டும். வெல்டருக்குப் பற்ற வைக்கும் வரை வேண்டும்.

எங்களிடம் இருந்தது ஜி-கிளாம்ப். வளைந்த இரும்பில் ஒரு நீளத் திருகாணி. ஒரு சட்டத்தைப் பிடிக்கத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த சட்டம் கொஞ்சம் தடிமனாக இருந்தால் அவ்வளவையும் திருப்பித் திருக வேண்டும். வெல்டிங் செய்யும்போது ஒரு கையில் ஹோல்டர், இன்னொரு கையில் முகக் கண்ணாடி. சட்டத்தை யார் பிடிப்பது? என் கணவர் சேகருக்கு எங்கள் ஊர் நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. அவருக்கு ஷிப்ட் இல்லாத நேரத்தில் வந்து பிடிப்பார். மற்ற நேரத்தில் நான் முழங்காலால் முட்டுக்கொடுத்துப் பற்ற வைத்திருக்கிறேன். என் பழைய சுடிதார்கள் எல்லாவற்றிலும் முழங்கால் பக்கம் பொத்தல்.

எங்கள் ஷெட்டின் மறுபாதியில் மரவேலை செய்தார் தட்சிணாமூர்த்தி ஆசாரி. வாடகையைப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். கருவிகளை மட்டும் பிரிக்க முடியவில்லை. இரும்பைப் பிடிக்கிற கிளாம்பில் பல் பல்லாக இருக்கும். அதை மரத்தில் மாட்டினால் தடம் விழும்.

"தங்கச்சி, உன் கிளாம்ப எங்கிட்ட நீட்டாத. தேக்குல பல்லுத் தடம் பட்டா வூட்டுக்காரன் என்னக் கடிச்சிக் கொதறிடுவான்," என்பார்.

ஒரே கையால் சட்டென்று நகர்த்தி மாட்டக்கூடிய கிளாம்ப். இரும்புக்கும் ஆகணும், தேக்குக்கும் ஆகணும். இது இரண்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது. நகரும் தாடை வைத்த கிளாம்ப் உலகத்தில் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருந்தது. விலை கொடுத்து மாளாது. வாங்கினாலும் தேக்கில் தடம் போடத்தான் செய்யும்.

சிலிகான் துப்பாக்கி

யோசனை வந்தது எங்கள் தெருவில் அலுமினிய ஜன்னல் மாட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்து. கண்ணாடி ஓரத்தில் பசை பூச ஒரு துப்பாக்கி வைத்திருப்பார்களே, அதை அழுத்த அழுத்தக் கம்பி முன்னால் போகிறது. கையை விட்டால் அப்படியே நிற்கிறது, பின்னால் வருவதில்லை. பின்புறம் ஒரு தகட்டைத் தொட்டால் கம்பி சரேலென்று விடுபடுகிறது.

உடைந்துபோன துப்பாக்கி ஒன்றை அவரிடம் கேட்டு வாங்கிவந்து பிரித்தேன். உள்ளே பெரிய ரகசியம் எதுவும் இல்லை. துளையிட்ட ஒரு தகடு, அதைச் சாய்த்துப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். சாய்ந்த தகட்டின் துளை விளிம்பு கம்பியைக் கவ்விக்கொள்கிறது. இழுக்க இழுக்க இன்னும் கவ்வுகிறது. நிமிர்த்தினால் விட்டுவிடுகிறது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிப்ளமோவில் மெஷின் டிசைன் பாடத்தில் என் மார்க்கைப் பார்த்து வகுப்பே கைதட்டியது. மெக்கானிக்கலில் பெண்கள் எங்களை விரல்விட்டு எண்ணலாம். அப்ரண்டிஸ் முடித்து, வேலை வரும் வரும் என்று காத்திருந்து, வராமல், கல்யாணம் ஆகி, கிரில் பட்டறை வைத்தேன். அந்த மார்க்குக்கு அன்றுதான் முதல்முறையாக ஒரு பிரயோஜனம் வந்தது.

கம்பிக்குப் பதில் ஒரு இரும்புப் பட்டை, அதன் மேல் ஓடும் தாடைக்குள் அதே மாதிரி ஒரு தகடு. தகட்டின் துளையை அரத்தால் ராவுவதற்குள் பிராணன் போய்விட்டது. துளை இறுக்கமாக இருந்தால் தாடை நகராது. தளர்வாக இருந்தால் கவ்வாது. சாதாரணத் தகட்டில் விளிம்பு சீக்கிரமே மழுங்கியது. பழைய மெஷின் ரம்பத்தின் பிளேடை வெட்டிப் போட்டேன், மழுங்கவில்லை. தாடையைப் புரட்டிப் போடுகிற மாதிரி செய்தேன். ஒரு முகத்தில் இரும்புக்குப் பல். மறு முகத்தில் ரப்பர். ரப்பர் எங்கே கிடைத்தது என்று எங்கள் ஊர்க்காரர்கள் கேட்க மாட்டார்கள். மைன்ஸில் கரி ஏற்றிக் கழித்துக்கட்டின கன்வேயர் பெல்ட் துண்டு எங்கள் ஊரில் மாட்டுக் கொட்டகையில் கிடக்கும், வாசற்படியில் மிதியடியாகக் கிடக்கும், பழைய இரும்புக் கடையில் எடை போட்டுக் கிடைக்கும்.

முடித்ததும் ஆசாரியிடம்தான் முதலில் கொடுத்தேன். ஒரு தேக்குக் கதவுச் சட்டத்தில் மாட்டி, பசை காய்ந்ததும் கழற்றி, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். தடம் இல்லை.

"இது யாரு ரோசன? உன்னுதா?" என்றார். பிறகு நான் கேட்காமலேயே, "நான் எடுத்துக்கறேன். நீ உனுக்கு இன்னொன்னு செஞ்சிக்க," என்றார். எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அதுதான்.

இன்னொன்று செய்ய நேரம் வரவில்லை. அந்த ஒரே கிளாம்ப் வாரக்கணக்கில் என் இரும்பிலும் அவர் மரத்திலும் உழைத்தது. ஒருமுறைகூட வழுக்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். கஜேந்திரனிடம் போய்ச் சொன்னவரும் ஆசாரிதான்.

பேர் கொடுக்காத வாரம்

எங்கள் ஊரில் மனிதர்களில் ஆண், பெண் என்ற பிரிவு எல்லாம் அப்புறம். பர்மனெண்டா, காண்ட்ராக்டா என்பதுதான் முதல் பிரிவு. பெண் பார்க்க வந்தால் பையனின் பெயருக்கு முன்னால் இதைக் கேட்பார்கள். ஒரே மெஷினுக்கு அடியில் ஒரே கரித்தூளைத் தின்றுகொண்டு இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவருக்கு குவார்ட்டர்ஸ் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. இன்னொருவருக்கு ஷிப்ட் முடிந்தால் சைக்கிள் உண்டு.

சேகர் இரண்டாவது வகை. நான் முதல் வகையின் மகள். அப்பா பர்மனெண்ட் பிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இந்தக் கல்யாணத்துக்கு என் சொந்தக்காரர்கள் என்னவெல்லாம் பேசினார்கள் என்று முன்பே ஒரு அத்தியாயத்தில் வயிறெரிந்து எழுதிவிட்டேன்.

காண்ட்ராக்டர் மாறும்போது ஆட்கள் எல்லோரும் புதியவரிடம் மறுபடி பேர் கொடுக்க வேண்டும். அந்த வாரத்தில் பேர் கொடுத்தால் பழைய ஆள் என்ற கணக்கு தொடரும். விட்டால், பிறகு எத்தனை வருஷம் உழைத்திருந்தாலும் புது ஆள்தான். அந்த வருஷம் அது நவராத்திரியில் வந்து சேர்ந்தது.

"நான் பேரு குடுக்கல செல்வி," என்றார் சேகர் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டே.

"ஏங்க?"

"போதும். பெல்ட்டுக்கடியில கரி வாரிக்கினே கெழவனாயிடுவேன் போலக்குது. கஜேந்திரன் மாசா மாசம் எடுத்துக்கறன்னாரு இல்ல? நீ தகடு ராவு. நான் பட்டை அறுத்துத் தரேன். ரெண்டு பேரும் நம்ம பட்டறையிலயே இருந்துக்கலாம்."

அவர் அப்படி ஆசைப்பட்டுப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. 'அவசரப்படாதீங்க' என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஏன் வரவேண்டும்? கிளாம்ப் நன்றாக வேலை செய்தது.

அப்பாவும் கிரீஸும்

அப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால் இந்த அத்தியாயத்தை நான் எழுதியிருக்க மாட்டேன்.

மைன்ஸில் அவர் வேலை மெஷின்களுக்குக் கிரீஸ் அடிக்கும் கோஷ்டியோடு. மலை மாதிரி நிற்கிற மெஷின்களின் மூட்டு மூட்டாக ஏறி இறங்கி அடித்தவர். "ரெண்டு இரும்பு ஒரசற எடத்துல எண்ண இல்லன்னா, அது தொழில் செய்யற எடமே இல்ல," என்பார். வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டாரா அந்தக் கொள்கையை? குவார்ட்டர்ஸில் கேட் கீல், கிணற்று ராட்டினம், அம்மாவின் தையல் மெஷின், என் சைக்கிள், பீரோ சாவித்துவாரம், ஒன்றையும் விட்டதில்லை. குடையின் கம்பிக்கு எண்ணெய் போடுகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் மழை நாளில் பள்ளிக்கூடம் போனால் சட்டையில் எண்ணெய்ப் பொட்டு இருக்கும்.

ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று, சாமான் எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு, அவரைக் காணவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் காலி வீட்டில் ஒவ்வொரு கதவுக் கீலுக்கும் எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார். "வர்றவன் புள்ளகுட்டியோட வருவான். கதவு கீச்சு கீச்சுன்னு கத்தினா தூங்குமா?" என்றார். அவர் அப்படித்தான். அவருக்கு அன்பைக் காட்டத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

ஆயுத பூஜை என்றால் அவருக்குத் தீபாவளி, பொங்கல் எல்லாம் சேர்ந்த மாதிரி. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அன்றைக்குக் குடும்பத்தோடு உள்ளே போய் மெஷினைப் பார்க்கலாம். மாலை போட்ட மெஷினுக்கு முன்னால் நிறுத்தி, "பாரு, எப்பிடி மினுமினுக்குது," என்பார். மினுமினுத்தது கிரீஸ்.

எங்கள் பட்டறையின் பூஜையையும் அவர்தான் எடுத்துக்கட்டிச் செய்வார். நான் வீட்டில் சுண்டலும் பொங்கலும் செய்துகொண்டிருந்தேன். அவர் பட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொரு கருவியாக மண்ணெண்ணெயில் கழுவி, துரு எடுத்து, எண்ணெய் போட்டுத் துடைத்தார். என் கிளாம்பை அதுவரை அவர் தொட்டதில்லை. மறுநாள் கடைக்காரர் வருகிறார், பெண் பார்க்க வருகிற மாதிரி. சும்மா விடுவாரா? உடம்புக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்தார். தாடை ஓடுகிற பட்டையை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். பிறகு விரலில் கிரீஸ் எடுத்து, அந்தப் பட்டை முழுக்கத் தடவி, கண்ணுக்குத் தெரியாதபடி துணியால் இழுத்துவிட்டார்.

தகடு பட்டையைக் கவ்வினால்தான் கிளாம்ப் நிற்கும். கவ்வுவதற்குக் காய்ந்த இரும்பு வேண்டும். பட்டறைக்காரர்கள் இதைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். அடித்துக்கொள்ளட்டும்.

ஒருமுறை சோதித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் அல்லவா? எப்படிச் சோதிப்பது? பூஜையில் வைத்த கருவியை மறுநாள் எடுத்து வேலை தொடங்கும் வரை தொடக் கூடாது. யாரும் தொட மாட்டோம். பேனாவைக்கூட எடுத்து எழுத மாட்டோம். விஜயதசமியன்று முதல் வேலையே கஜேந்திரனுக்கு முன்னால் நடக்கட்டும், அமோகமாக வரும் என்று நாள் குறித்தவரும் அப்பாதான். பட்டையில் கிரீஸ் இருந்தது எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்கவும் தோன்றவில்லை. காற்று வீசுகிறதா என்று யாராவது கேட்பார்களா? அவர் இருக்கிற இடத்தில் எண்ணெய் வாசனை இருக்கும்.

பொரியும் சுண்டலும்

மறுபடி அந்தக் காலைக்கு வருகிறேன். சட்டம் மூன்றாம் முறையும் விழுந்த பிறகு கஜேந்திரன் எழுந்து வந்தார். கிளாம்பைக் கையில் வாங்கினார். தாடையை முன்னும் பின்னும் ஓட்டினார். "கழட்டிக் காட்டும்மா," என்றார்.

நான் காட்டினேன். தகடு, ஸ்பிரிங், புரட்டிப் போடும் தாடை, எல்லாவற்றையும் மேஜை மேல் பிரித்து வைத்து, எது எதற்கு என்று விளக்கினேன். விழுந்த மானத்தை வாயால் தூக்கி நிறுத்திவிடலாம் என்று அவ்வளவு அவசரம் எனக்கு. அவர் பொறுமையாகக் கேட்டார். செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

"ரோசன நல்ல ரோசன. ஆனா கருவின்னு கடைல வெச்சா, வாங்கறவன் கால்ல விழுந்துதுன்னா எனுக்கில்ல கெட்ட பேரு? நல்லா செஞ்சிட்டுச் சொல்லும்மா," என்றார். பொரியும் சுண்டலும் வாங்கிச் சாப்பிட்டார். சுண்டல் நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அவர் வண்டி திருப்பத்தைத் தாண்டியதும் அப்பா சொன்னார். "அவசரப்பட்டுட்ட பாப்பா. இன்னுங் கொஞ்சம் நெதானமா செஞ்சிருக்கலாம்."

சேகர் தரையில் கிடந்த பொரியைப் பெருக்கினார். அடுத்த வாரம் புதுக் காண்ட்ராக்டரிடம் போய் நின்றார். புது ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். அவரிடம் வேலை கற்றுக்கொண்ட பையன்கள் அவருக்கு மேலே நின்றார்கள். ஒருவன் அவரை 'யோவ்' என்று கூப்பிட்டானாம். இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் விடவில்லை. தகட்டை மாற்றினேன். ஒரு தகடு போட்ட இடத்தில் இரண்டு போட்டேன். ஸ்பிரிங்கை மாற்றினேன். சில நாள் கல் மாதிரி நின்றது. மறுநாள் காலை எடுத்தால் வழுக்கியது. இது எந்தக் கணக்கிலும் வராத வியாதியாக இருந்தது. பூஜைக்குப் பிறகு அந்தக் கிளாம்பும் அப்பாவின் கருவிகளில் ஒன்றாகிவிட்டிருந்தது. சாயங்காலம் நான் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு அவர் எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவார். நான் வேலை செய்யும்போது கையில் பட்ட எண்ணெயை, பட்டறையில் படுகிற எண்ணெய்தானே என்று துடைத்துக்கொண்டேன்.

கடைசியில் என் மூளையில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். பெண்ணாகப் பிறந்தவளுக்கு அந்த முடிவுக்கு வர யாருடைய உதவியும் வேண்டாம். வழியெல்லாம் ஏற்கனவே செப்பனிட்டு வைத்திருப்பார்கள். கிளாம்பை அறுத்து, பட்டையை யாரோ ஒருவர் வீட்டு கேட்டுக்குத் தாழ்ப்பாளாக வைத்துப் பற்ற வைத்தேன். ஆசாரி மட்டும், "பூசைக்கு முன்னாடி நல்லாத்தான தங்கச்சி நின்னுது," என்று ஒரு நாள் இழுத்தார். "விடுங்கண்ணே," என்று எரிந்து விழுந்தேன். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள்

அதற்கு அடுத்த வருஷமோ, அதற்கும் அடுத்ததோ, கிரைண்டிங் வீல் வாங்க விருத்தாசலம் போனேன். கஜேந்திரன் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது, என் கிளாம்ப். நீல நிறம். அழகான வார்ப்பு. கட்டைவிரல் வைக்க வழவழப்பாக ஒரு குழி. புரட்டிப் போடும் தாடை, ஒரு முகத்தில் பல், மறு முகத்தில் ரப்பர்.

"இது எங்க செய்றதுண்ணே?" என்றேன்.

"வெளியூர்ல ஒரு பார்ட்டிகிட்ட குடுத்துச் செய்யறம்மா. நல்லாப் போவுது."

"இது என்னுது."

அவர் கோபப்படவில்லை. "கிளாம்ப் எல்லாருக்கும் பொதுதானேம்மா. ஊரு ஒலகத்துல இல்லாததா?" என்றார். கையில் எடுத்துப் பார்க்கக் கொடுத்தார். தயாள குணம்.

திருப்பிப் பார்த்தேன். பட்டையின் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர். ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே தமிழில்: 'பட்டையில் எண்ணெய், கிரீஸ் தடவக் கூடாது. தடவினால் வழுக்கும்.'

அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பூஜை, சிவப்புத் துணி, பளபளத்த பட்டை, சில நாள் நின்றது, சில நாள் வழுக்கியது, எல்லாம்.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"கைல பிசுபிசுன்னு ஒட்டிச்சேம்மா. போற வழியில கர்சீப்புல தொடச்சிக்கினேன். வூட்டுலகூட சொன்னேன், பாவம் அந்தப் பொண்ணு, கிரீஸத் தடவி வெச்சிக்கினு வழுக்குது வழுக்குதுன்னு அழுவுதுன்னு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீ கேக்கலியேம்மா," என்றார்.

நான் திட்டினேன். என்னென்ன வார்த்தை சொன்னேன் என்பதை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள். கடையில் நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். அவர் பில் போடுவதைத் தொடர்ந்தார். திட்டி முடித்துவிட்டு, அந்தக் கிளாம்பில் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். ஏன் வாங்கினாய் என்று சேகர் பிறகு கேட்டார். என் பிள்ளையை எவன் வீட்டிலோ பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டு வர என்னால் முடியவில்லை.

பஸ்ஸில் வரும்போது ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். மந்தாரக்குப்பம் வருவதற்குள் முழுக்க எடுத்துவிட்டேன். அப்பாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும்.

உம்மேல தப்பே இல்ல

அன்று சாயங்காலம் அப்பா அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "உன்னுது மாதிரியே இருக்குதே பாப்பா," என்றார்.

"ஆமாம்பா."

"பினிஷிங் நல்லா குடுத்துக்கிறான்."

"ஆமாம்பா."

அவர் எழுந்து போய்க் கிரீஸ் டப்பாவை எடுத்து வந்தார். எனக்குத் தெரியும், எடுத்துத்தான் வருவார். மூடியைத் திறந்தார். 'வேண்டாம்பா' என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். பிட்டராக இருந்தவர். ஒரு பாதி வாக்கியம் சொன்னால் மறு பாதியை அவரே போட்டுக்கொள்வார். அதன் பிறகு, மருமகன் புது ஆளாகப் போய் நின்றதிலிருந்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தன் விரலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பார். அந்த வயதில், அந்த மனிதருக்கு, அந்தக் கணக்கை என்னால் கொடுக்க முடியவில்லை.

வாயை மூடிக்கொண்டேன். அவர் பட்டை முழுக்க நிதானமாகத் தடவினார். துணியால் இழுத்துவிட்டார். ஒரு சட்டத்தில் மாட்டி முறுக்கினார்.

வழுக்கியது.

இன்னொரு முறை முறுக்கினார். வழுக்கியது. அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா பாப்பா! கம்பெனியில செஞ்சி, கடையில காசு குடுத்து வாங்கனதே வழுக்குது. அப்ப இந்த மாடலே இப்பிடித்தான். நான் வேற உன்ன அவசரப்பட்டுட்டன்னு சொல்லிட்டேன். உம்மேல தப்பே இல்ல."

சேகர் ஷிப்ட் முடிந்து வந்ததும் அவரையும் கூப்பிட்டு முறுக்கிக் காட்டினார். ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆசாரி பட்டையை விரலால் தொட்டார், விரலை முகர்ந்தார், என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை அசைத்தேன். அவர் தன் பக்கம் போய் மரத்தை இழைக்க ஆரம்பித்தார்.

"எம் பொண்ணு செஞ்சதுல ஒரு கொறையும் இல்ல," என்று அப்பா அன்று டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.